முந்தைய உரிமையாளரின் கைவேலை

பழைய பிக்கப் ஒன்று கைக்கு வந்ததும் அதில் எதையாவது சேர்க்கத்தான் மனம் பரபரக்கிறது. பின்னால் இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டால் பாரம் தாங்கும், முன்னால் எல்.இ.டி. பார் மாட்டினால் ராத்திரி ஓட்டம் சுலபம், ஏர் ஹாரன், ஸ்பீக்கர், ஒரு சைஸ் பெரிய டயர் என்று பட்டியல் நீளும். இவை எதுவும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரிசையை மாற்றுங்கள் என்கிறேன். ஏழெட்டு வருடம் ஓடி, இரண்டு மூன்று கை மாறி வந்த வண்டியில் செய்ய வேண்டிய முதல் மேம்பாடு, முன்பு வைத்திருந்தவர்கள் செய்துவிட்டுப் போன மேம்பாடுகளைத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றும் ஏன் அங்கே இருக்கிறது என்று விசாரிப்பதுதான். அவற்றில் பலவற்றைக் கழற்ற வேண்டிவரும். ஏனென்றால் பழைய வண்டியில் காணும் கூடுதல் சாமான்களில் கணிசமானவை, எப்போதோ தலைகாட்டிய ஒரு கோளாறைக் கண்டுபிடிக்காமலேயே அடக்கிவைத்ததன் தடயங்கள். அந்தக் கோளாறு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அதன் மேல் புதிதாக ஒன்றைச் சேர்ப்பவர் அதை இன்னும் ஆழத்தில் புதைக்கிறார்.

இந்த வண்டிகள் ஏன் இத்தனை கைவேலைக்கு ஆளாகின்றன என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. 2005இல் டாடா ஏஸ் வந்தபோது அதில் இருந்தது 702 சி.சி. இரண்டு சிலிண்டர் டீசல் என்ஜின். ஏற்றலாம் என்று சொல்லப்பட்ட பாரம் முக்கால் டன். 2011இல் அசோக் லேலண்டின் தோஸ்த் ஒன்றேகால் டன் கணக்கோடு வந்தது. மகிந்திரா பொலிரோ பிக்கப்பில் 1.7 டன் ஏற்றும் மாடலும் உண்டு. ஆனால் செங்கலுக்கும் எம்.சாண்டுக்கும் டைல்ஸுக்கும் வாடகை பேசும்போது இந்தக் கணக்கு பேச்சிலேயே வராது. ஒரே நடையில் போய்விடுமா என்பதுதான் கேள்வி. ஓட்டுபவரே முதலாளி, மாதத் தவணை ஓடிக்கொண்டிருக்கிறது, வண்டி நின்றால் வருமானமும் நின்றது. பட்டறையில் அவர் கேட்பது, "சாயந்திரத்துக்குள்ள ஓட வெச்சுக் குடுங்கண்ணே" என்பது. மெக்கானிக் அதைத்தான் செய்து கொடுக்கிறார், அந்த அவசரத்துக்கு அது நியாயமான வேலையும்கூட. கேடு பிறகு வருகிறது. அன்றைய சாயங்காலத்துக்காகச் செய்த ஏற்பாடு நான்கு வருடம் கழித்தும் அப்படியே இருக்கிறது. அதன் காரணம் மட்டும் பழைய ஓனரோடு போய்விடுகிறது. வாட்டர் சர்வீஸ் முடித்து, சேஸிஸுக்குக் கறுப்பு பெயின்ட் அடித்து, டயருக்கு பாலிஷ் போட்டு நிறுத்தியிருக்கும் வண்டியை வாங்குபவருக்கு ஆர்.சி.யும் இன்ஷூரன்ஸும் சாவியும் கிடைக்கின்றன. எந்தக் கோளாறுக்கு என்ன செய்தார்கள் என்ற கணக்கு கிடைப்பதில்லை. அதை வண்டியிலிருந்தே படித்தெடுக்க வேண்டும்.

கூடுதல் பட்டையை எடுத்துக்கொள்வோம். பிக்கப்களில் பரவலாக நடக்கும் மாற்றம் அது. விளைவு மிக மோசமாக இருப்பதும் அதில்தான். பல பிக்கப்களில் சேஸிஸையும் பின் ஆக்சிலையும் இணைத்து ஒரு மெல்லிய கம்பி இருக்கும். அதன் மேல்முனையில் ஒரு பிரேக் வால்வு. பாரம் ஏறினால் பின்பக்கம் தாழும், கம்பி நகரும், வால்வு பின்சக்கர பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தத்தை விடும். காலி வண்டியில் பின்பக்கம் உயர்ந்து நிற்கும், அழுத்தம் குறையும். காலியாகப் போகும்போது திடீரென்று பிரேக் பிடித்தாலும் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வால் சுழற்றாமல் இருப்பது இதனால்தான். இரண்டு பட்டையைச் சேர்த்ததும் முழு பாரத்திலும் வண்டி போதுமான அளவு தாழ்வதில்லை. வால்வுக்குத் தெரிந்தவரை தொட்டி காலி. பாரத்தோடு சரிவில் இறங்கும்போது பின் பிரேக் அரைகுறையாகப் பிடிக்க, முன்சக்கரத்து டிஸ்க்கும் பேடும் மொத்த வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்கின்றன. புதிய ஓனருக்குத் தெரிவது முன் பேட் சீக்கிரம் தேய்கிறது என்பது மட்டும். அவர் விலை கூடிய பேட் வாங்கிப் போடுகிறார். சில வண்டிகளில் அந்தக் கம்பியையே கட்டுக்கம்பியால் மேலே இழுத்துக் கட்டியிருப்பார்கள், எப்போதும் முழு பிரேக் கிடைக்கட்டும் என்று. அந்த வண்டி மழையில் காலியாக வரும்போது என்ன செய்யும் என்பதை நினைத்தாலே பதறுகிறது. ஆகவே கூடுதல் பட்டையைப் பார்த்ததும் அதோடு நிறுத்தாமல் அது சொல்லும் சேதியைத் தொடர வேண்டும். இந்த வண்டி வருடக்கணக்கில் அளவுக்கு மீறிச் சுமந்திருக்கிறது. ஸ்பிரிங் தாங்கிகளைச் சுற்றியுள்ள கறுப்பு பெயின்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரிவெட்டுகளை ஒட்டி விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். வீல் பேரிங், வீல் ஸ்டட், புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ் எல்லாம் அதே சந்தேகத்துக்கு உரியவை.

மின்சாரப் பக்கம் வந்தால் இதே கதை இன்னும் தெளிவாகத் தெரியும். காலையில் செல்ஃப் சோம்பலாகச் சுற்றுகிறது. பேட்டரி மாற்றியாயிற்று, பிறகு செல்ஃப் மோட்டாரையும் மாற்றியாயிற்று, இன்னும் சுற்றல் சரியில்லை. இப்படி விற்பனைக்கு வரும் வண்டிகள் ஏராளம். என்ஜின் ரப்பர் மவுன்டிங் மேல் உட்கார்ந்திருப்பதால் சேஸிஸோடு அதற்கு நேரடி மின்தொடர்பு கிடையாது. பின்னல் பட்டையாகவோ கனமான வயராகவோ உள்ள எர்த் ஒன்றுதான் இணைப்பு. சேறும் உப்பும் பட்டு அதன் முனை பச்சை பூத்துவிட்டால், நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும் செல்ஃப் மோட்டாருக்குத் திரும்பும் பாதை அடைபடுகிறது. சோதிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் மேலேயே வையுங்கள். மறு முனையை என்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில் அழுத்துங்கள். இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு எர்த்தில் இருக்கிறது. முனையைக் கழற்றி உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து இறுக்கினால் தீர்ந்தது. ஒயர் அரித்துப் போயிருந்தால் புதிதாக ஒன்று. இதற்கு ஆகும் செலவையும் பேட்டரி விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கண்டுபிடிக்காமல் சாமான் மாற்றுவது எவ்வளவு விலை கொண்ட பழக்கம் என்பது புரியும்.

சூடேறும் வண்டிகளில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிடுவது நம் ஊரில் ஏறக்குறைய ஒரு சம்பிரதாயம். இங்கே அடிக்கும் வெயிலுக்கு அது எதற்கு என்பார்கள். உண்மையில் என்ஜின் சுமார் 80 டிகிரிக்கு மேல் வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுப்பது அதன் வேலை. அது இல்லாத டீசல் என்ஜின் வேகமாகச் சூடு பிடிக்காது, எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு இறங்கும், மைலேஜ் குறையும், தேய்மானம் கூடும். சில என்ஜின்களில் அந்த வால்வு பைபாஸ் வழியை மூடும் வேலையையும் செய்கிறது. அவற்றில் அதைக் கழற்றினால் சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றிவரும், சூடு ஏறத்தான் செய்யும். ஆக, தெர்மோஸ்டாட் இல்லாத வண்டியைக் கண்டால் அடுத்த கேள்வி, முதலில் அது ஏன் சூடேறியது என்பது. போர் தண்ணீரை வருடக்கணக்கில் ஊற்றி ரேடியேட்டர் குழாய்களில் உப்புப் படிந்திருக்கலாம். முன்பக்கத்து இடுக்குகளில் வைக்கோலும் மண்ணும் அடைத்திருக்கலாம். மூடியின் ரப்பர் செத்துப்போய், அழுத்தம் நிற்காமல் தண்ணீர் சீக்கிரமே கொதிக்கத் தொடங்கலாம். மூடியிலிருந்து ஆரம்பித்து விலை குறைந்ததை முதலில் பார்த்து, கம்பெனி சொன்ன கூலன்ட் ஊற்றி, தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுவதுதான் வைத்தியம்.

2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6க்குப் பிந்தைய டீசல் வண்டிகளில் இந்தக் கழற்றி வீசும் பழக்கம் இன்னும் ஆபத்தானது. கரியைப் பிடித்துவைத்து எரிக்கும் வடிகட்டி நீண்ட ஓட்டத்தில் கிடைக்கும் சூட்டில்தான் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும்; ஊருக்குள் குட்டி நடைகளாகவே ஓடினால் அடைத்துக்கொள்ளும். அதைக் குடைந்து எடுத்துவிட்டு கம்ப்யூட்டரில் புரோகிராமை மாற்றிவிடுபவர்கள் இருக்கிறார்கள். சாவியைத் திருப்பியதும் என்ஜின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ அதன் வாயைக் கட்டியிருக்கிறார்கள். விற்பதற்கு முன் கோளாறுப் பதிவுகளை அழித்துவிடுவதும் நடப்பதால், வாங்கிய அன்று ஒரு முறையும் சில நாள் ஓடிய பிறகு ஒரு முறையும் ஸ்கேனர் போட்டுப் பார்ப்பது நல்லது.

இதற்கெல்லாம் நேரம் எங்கே, தவணை கட்ட வேண்டாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஒரு மாதம் ஷெட்டில் போட்டுப் பார்க்கச் சொல்லவில்லை. பிரேக், ஸ்டியரிங், டயர் மூன்றையும் முதல் லோடு ஏற்றுவதற்கு முன் பார்த்தே ஆக வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், ஈரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும். எப்போது மாற்றினார்கள் என்று தெரியாத ஆயிலை அன்றே மாற்றுவதுதான் முறை. டயரின் பக்கச் சுவரில் 3219 என்று இருந்தால் அது 2019ஆம் வருடம் 32ஆம் வாரம் செய்தது. பட்டன் எவ்வளவு இருந்தாலும் ரப்பருக்கு வயதாகிவிட்டது. மற்றவற்றை ஓட்டத்தினூடே, வாரத்துக்கு ஒன்றாகப் பார்க்கலாம். பூ மூட்டையும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு நடு ராத்திரி பைபாஸில் நின்றுபோனால், வாடகையோடு சரக்கின் விலையையும் சேர்த்து இழக்க நேரும். அந்தக் கணக்கையும் போட வேண்டும். எஃப்.சி. காட்டி வாங்கிய வண்டிதானே என்பதும் ஓர் ஆட்சேபம். எட்டு வருடம்வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, பிறகு வருடாவருடம் நடக்கும் அந்தச் சோதனைக்கு வண்டி காலியாகத்தான் போய் நிற்கிறது. முழு பாரத்தில் அந்த பிரேக் வால்வு என்ன செய்யும் என்பதற்கு அது சாட்சி ஆகாது.

தேர்ந்த மெக்கானிக் காதால் கேட்டே சொல்லிவிடுவார், மீட்டரும் நோட்டும் எதற்கு என்பவர்களுக்கும் பதில் உண்டு. அந்தக் காதுக்கு நான் மிகுந்த மரியாதை தருகிறேன். பேரிங் உறுமலையும் டேப்பெட் தட்டலையும் பிரித்துச் சொல்லும் திறமை சாதாரணமானதல்ல. ஆனால் அவர் கேட்பது இன்றைய சத்தத்தை. போன மாதம் தண்ணீர் எவ்வளவு குறைந்தது, ஆயில் எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை இறங்குகிறது, சத்தம் பாரத்தில் வருகிறதா காலியில் வருகிறதா என்பதெல்லாம் ஓட்டுபவருக்குத்தான் தெரியும். அதை எழுதிக்கொண்டு போனால் மெக்கானிக்கின் பாதி வேலை முடிந்துவிடும். பின்சக்கரத்தில் ஆயில் கசிந்து பிரேக் லைனர் நனைகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது முறையாக சீல் மாற்றப்படுகிறது என்பது எழுதியிருந்தால், யாராவது ஆக்சில் மேலிருக்கும் காற்றுத் துளையைப் பார்ப்பார்கள்; அது சேற்றில் அடைத்து, உள்ளே சூட்டில் ஏறும் அழுத்தம் ஆயிலை சீல் வழியே தள்ளிக்கொண்டிருப்பது தெரியவரும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதும் இதனால்தான். நான்கை ஒரே நாளில் மாற்றினால் எது குணமாக்கியது என்பது யாருக்கும் தெரியாது. அடுத்த முறை நான்கையும் மறுபடி வாங்க வேண்டும். புதுப்பேட்டையிலோ உக்கடத்திலோ கிடைக்கும் பழைய சாமான்களைக் கண்ணாடிக்கும் கதவுக்கும் தாராளமாக வாங்கலாம், வீல் சிலிண்டருக்கும் ஸ்டியரிங் ஜாயின்டுக்கும் வாங்கக் கூடாது.

முந்தையவர் செய்ததெல்லாம் தப்பா என்றால், கிடையாது. கம்பெனி நாடு முழுவதற்கும் ஒரே வண்டியை விலைக்கணக்குப் பார்த்துச் செய்கிறது. தார்ப்பாய் கட்டக் கூடுதல் கொக்கி, நல்ல மட்ஃபிளாப், கடலோர ஊரில் அடிப்பக்கத்துக்குத் துருத் தடுப்புப் பூச்சு இவை எல்லாம் அனுபவம் சொல்லித்தந்த நல்ல சேர்க்கைகள். அவை எந்தக் கோளாறையும் மறைக்கவில்லை. பட்டையையும் உயரத்தையும் கூட்டி அதிகமாக ஏற்றுவதை அனுபவம் என்ற பெயரில் நியாயப்படுத்த மட்டும் நான் ஒப்பமாட்டேன். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. அதை விட்டாலும், நிற்க முடியாத வண்டிக்கு முன்னால் போகும் டூவீலர்காரர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. வெளிச்சம் போதவில்லை என்று எல்.இ.டி. பார் வாங்கக் கிளம்புபவர், என்ஜின் ஓடும்போது பேட்டரியிலும் ஹெட்லைட் கனெக்டரிலும் வோல்ட்டை அளந்து பார்க்கட்டும். ஹாலஜன் பல்பில் வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். பழைய வண்டியில் அந்தக் குறைவு சுவிட்சிலும் கனெக்டரிலும் தேய்ந்த எர்த்திலும் ஒளிந்திருக்கும். ஒரு ரிலேயையும் பியூஸையும் பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஒயரையும் போட்டு, மஞ்சள் பூத்த கண்ணாடியைத் தேய்த்துச் சுத்தம் செய்து ஓர் இரவு ஓட்டிப் பார்த்த பிறகு, பார் வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்கலாம்.