எங்கே வைப்பது, எப்படிக் கொண்டுபோவது: சில குறிப்புகள்

ஆப்-வி. மைக்ரோசாஃப்டின் பொருள். மென்பொருளைக் கணினியில் நிறுவாமலே ஓட வைப்பது.

மூலம் வேறிடம். பாஸ்டனில் இருந்த சாஃப்ட்ரிசிட்டி, அவர்களுடைய சாஃப்ட்கிரிட். 2006இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2008இல் 4.5 பதிப்பு வந்தபோது புதுப்பெயர்.

நிறுவவில்லை என்றால் அது எங்கே இருக்கிறது?

திட்டமிடல் முழுவதும் இந்த ஒரு கேள்விதான். சர்வர் ஷேர், கம்பி, டிஸ்க், நினைவகம். இந்த நாலில் ஏதோ ஒன்று சுமக்க வேண்டும். நாலும் சுமக்காவிட்டால் காலையில் வேலைக்கு வந்து உட்கார்ந்தவர் சுமக்கிறார், காத்திருந்து.

•

ஐகான் முதலில் வந்துவிடும். மென்பொருள் பின்னால் வரும்.

டெஸ்க்டாப்பில் படம் இருக்கிறது, கோப்பின் மேல் இரண்டு முறை தட்டினால் திறக்கும் என்ற பதிவும் இருக்கிறது. பின்னால் ஒன்றும் இல்லை, அல்லது கொஞ்சம்தான் இருக்கிறது. பயனருக்கு அது தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, லைன் நன்றாக இருக்கும் வரை.

•

4.x காலம். கியூ டிரைவ். ஆப்-விக்காகக் கட்டிய மென்பொருள்கள், அதாவது பேக்கேஜ்கள், எல்லாம் அங்கே அடுக்கி இருப்பதுபோலத் தெரியும். டிஸ்கில் தேடினால் ஒரே கோப்பு, எஸ்எஃப்டிஎஃப்எஸ் என்ற பெயரில். முப்பது மென்பொருள் இருந்தாலும் அந்த ஒரு கோப்புக்குள்தான்.

அது கெட்டால் முப்பதையும் மறுபடி இழுக்க வேண்டும்.

கியூ என்ற எழுத்தை ஏதாவது ஒரு துறை தன் ஷேருக்கு முன்பே எடுத்திருக்கும். எழுத்தை மாற்றலாம். ஆனால் கியூவை நம்பிப் பாதை எழுதிக்கொண்ட பேக்கேஜ்கள் மாறாது.

அப்போது ஒரு பேக்கேஜுக்கு 4 ஜிபி வரம்பு. ஸ்ட்ரீமிங்குக்கு 554ஆம் போர்ட். வீடியோ ஸ்ட்ரீமிங்குக்கு உள்ள அதே ஆர்டிஎஸ்பி நெறிமுறை. ஃபயர்வால் பார்ப்பவரிடம் அலுவலக மென்பொருளுக்கு ஏன் வீடியோ போர்ட் என்று விளக்க வேண்டியிருந்தது.

2012இல் 5.0. கியூ போயிற்று. 554 போயிற்று. எச்டிடிபி அல்லது சாதாரண கோப்பு ஷேர்.

•

சீக்வென்சர். பேக்கேஜ் கட்டும் கருவி. சுத்தமான ஒரு விண்டோஸ், அதில் மென்பொருளை நிறுவுவார்கள். நிறுவும்போது என்னென்ன மாறுகிறது என்று சீக்வென்சர் பார்த்துக் குறித்துக்கொள்ளும். மாறியதெல்லாம் சேர்ந்து ஒரு பேக்கேஜ்.

5.x பேக்கேஜ் அடிப்படையில் ஒரு ஜிப். உள்ளே ரெஜிஸ்ட்ரி தனிக் கோப்பு. கோப்பு அமைப்பு தனி அடைவு. கோப்புகள் 64 கிலோபைட் துண்டுகளாகக் கணக்கில் இருக்கும், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ஹாஷ். ஸ்ட்ரீம் மேப் என்று இன்னொரு சிறு கோப்பு. எது முதலில் போக வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும்.

அதை எழுதுவது யார்?

சீக்வென்ஸ் செய்பவர். கடைசிக் கட்டத்தில் மென்பொருளை ஒருமுறை திறந்து, பயனர் வழக்கமாகச் செய்வதைத் தானும் செய்து பார்ப்பார். அப்போது தொட்ட கோப்புகள் முதல் தொகுதிக்குப் போகும். தொடாதவை பின்வரிசை.

அச்சு பொத்தானை அவர் அழுத்தவில்லை என்றால் அச்சுக்கு வேண்டிய கோப்புகள் முதல் தொகுதியில் இருக்காது. வேறு ஊரில் ஒருவர் முதல் முறை அச்செடுக்கும்போது திரை நின்றுபோகும்.

சென்னையிலும் பெங்களூரிலும் இந்த வேலைக்கென்றே குழுக்கள் உண்டு. பயனர் ஐரோப்பாவில் இருக்கலாம். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. இவர் சொடுக்கிய வரிசையில்தான் அவருக்கு மென்பொருள் போய்ச் சேர்கிறது.

இவருக்கு அந்த மென்பொருளைப் பயன்படுத்தத் தெரியுமா? பல சமயம் நிறுவ மட்டும் தெரியும்.

ஒரு பயனரைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் காலையில் முதலில் எதைத் தொடுகிறார் என்று பார்த்துச் செய்த பேக்கேஜைத் திறந்தவுடன் தெரிந்துவிடும்.

•

ஒரு கணக்கு.

கிளைக்கு 2 எம்பிபிஎஸ் லைன். பேக்கேஜ் 700 எம்பி. முழுதும் இறங்க 46 நிமிடம் 40 விநாடி, லைன் முழுக்க இதற்கே என்றால்.

முதல் தொகுதி 90 எம்பி மட்டும் என்றால் 6 நிமிடம்.

6 நிமிடம் பொறுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும்.

அதே கிளையில் 20 பேர். 9 மணிக்கு எல்லோரும் திறக்கிறார்கள். லைன் ஒன்றுதான். இரண்டு மணி நேரம்.

திட்டத் தாளில் 6 நிமிடம் என்றுதான் இருக்கும்.

•

பிராஞ்ச்கேஷ். விண்டோஸ் 7 காலத்திலிருந்து இருக்கிறது. கிளையில் ஒரு கணினி வாங்கியதைப் பக்கத்துக் கணினி அதனிடமிருந்தே வாங்கிக்கொள்ளும். மறுபடி தலைமை அலுவலகம் வரை போக வேண்டாம்.

கோப்பு ஷேருக்கு அதில் ஓர் இயல்பு அமைப்பு: தாமதம் 80 மில்லிவிநாடிக்கு மேல் போனால்தான் கணினி கேஷ் செய்யத் தொடங்கும்.

30 மில்லிவிநாடி தாமதம், ஆனால் 2 எம்பிபிஎஸ் லைன். அப்படிக் கிளைகள் ஏராளம். பிராஞ்ச்கேஷ் இயக்கத்தில் இருக்கும். ஒன்றும் செய்யாது. அந்த எண்ணைக் குறைத்தால்தான் வேலை செய்யும்.

•

டிஸ்கில் பேக்கேஜ் அடைவின் பண்புகளைத் திறந்தால் இரண்டு எண். அளவு. டிஸ்கில் பிடித்த அளவு.

ஸ்பார்ஸ் கோப்பு. கோப்பு முழு நீளத்தோடு தெரியும். உள்ளே வந்து சேர்ந்த துண்டுகள் மட்டுமே இடம் பிடிக்கும். 700 எம்பி என்று காட்டும், 90தான் இருக்கும்.

கணக்கெடுக்கும் கருவி முதல் எண்ணைக் கூட்டினால் இடம் போதாது என்று அறிக்கை வரும். இரண்டாவது எண்ணை மட்டும் கூட்டினால் இடம் போதும் என்று வரும். எல்லோரும் எல்லாவற்றையும் ஒருமுறையாவது திறந்த பிறகு முதல் எண் சரியாகிவிடும்.

புரோகிராம்டேட்டா அடைவுக்குள் ஆப்-வி அடைவு. அதற்குள் பெயர்கள் எல்லாம் நீள அடையாள எண்கள். பேக்கேஜுக்கு ஒன்று, அதற்குள் பதிப்புக்கு ஒன்று. எந்த எண் எந்த மென்பொருள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கும் அலுவலகத்தில் ஹெல்ப்டெஸ்க் வேகமாக இருக்கும்.

•

புதுப் பதிப்பு வந்தால் மாறாத கோப்புகளை மறுபடி இறக்க வேண்டாம். பழைய பதிப்பிலிருந்து ஹார்ட் லிங்க் போட்டுக்கொள்ளும்.

பயனர் மென்பொருளைத் திறந்தே வைத்திருந்தால் மாற்றம் காத்திருக்கும். அந்தப் பயனருக்கு மட்டும் வெளியிட்டது, அதாவது பப்ளிஷ் செய்தது, என்றால் அவர் லாக் ஆஃப் செய்யும் வரை. கணினி முழுமைக்கும் என்றால் மறுதொடக்கம் வரை.

வாரக்கணக்கில் கணினியை அணைக்காதவர்கள் உண்டு.

பப்ளிஷை நீக்கினால் ஐகான் போகும். டிஸ்கில் இருப்பது போகாது, தனியாக அகற்ற வேண்டும். விண்டோஸ் 10இன் 1703 பதிப்பில்தான் அதைத் தானே துடைக்கும் அமைப்பு வந்தது. அதையும் இயக்கிவிட வேண்டும்.

•

ஷேர்ட் கன்டென்ட் ஸ்டோர். டிஸ்கில் வைக்கவே வேண்டாம் என்ற முறை. ஐகான், ஷார்ட்கட், பப்ளிஷ் விவரம், இவை மட்டும் உள்ளூரில். மற்றவை ஷேரிலிருந்து நேரே நினைவகத்துக்கு.

மெய்நிகர் டெஸ்க்டாப் வைத்திருக்கும் இடங்களுக்கு. அங்கே டிஸ்க் என்பது விலை கூடிய பொதுச் சேமிப்பு. ஐந்நூறு டெஸ்க்டாப்பில் ஒரே பேக்கேஜை ஐந்நூறு தடவை வைப்பதில் அர்த்தம் இல்லை.

டிஸ்க் செலவு குறைந்தது. கம்பி ஒரு நொடியும் அறக்கூடாது என்றாயிற்று. ஷேர் நின்றால் அந்த ஐந்நூறு டெஸ்க்டாப்பும் நிற்கும்.

முன்பு அந்த ஷேர் ஒரு கிடங்கு. இப்போது அது இயங்கும் பாகம். பராமரிப்பு நேரம், மறுதொடக்கம், பேக்அப், எல்லாம் அந்தக் கணக்கில் மாற வேண்டும். பல இடங்களில் பழைய கிடங்குக் கணக்கிலேயே இருக்கும். ஞாயிறு இரவு மறுதொடக்கம். மருத்துவமனைக்கு ஞாயிறு இரவு கிடையாது.

அனுமதி. டொமைன் யூசர்ஸ் என்று ஷேருக்குப் படிக்கும் உரிமை கொடுப்பார்கள். ஷேரைப் படிக்க வேண்டிய கணினிக் கணக்குகள் அந்தக் குழுவில் இல்லை. ஆதென்டிகேட்டட் யூசர்ஸ் என்றால் இரண்டும் அடங்கும். இந்த ஒரு வரியில் ஒரு முழு நாள் போன அலுவலகங்கள் உண்டு.

ஐஐஎஸ் வெப் சர்வர் வழியாகக் கொடுத்தால் ஆப்வி என்ற கோப்பு நீட்சியை அதில் பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் 404. கோப்பு கண்ணெதிரே இருக்கும். இல்லை என்று பதில் வரும்.

•

மறுபடி 4.x காலம். மென்பொருளைக் கணினிகளுக்கு அனுப்பும் கான்ஃபிக் மேனேஜர் 2007 ஆர்2, ஆப்-வி 4.5. இரண்டு வழி இருந்தது. ஸ்ட்ரீமிங், அல்லது முழுதும் இறக்கி ஓட்டுவது.

முழுதும் இறக்கினால் கான்ஃபிக் மேனேஜரின் கேஷில் ஒரு பிரதி, ஆப்-வியின் கேஷில் ஒரு பிரதி. ஒரே மென்பொருள், இரட்டை இடம்.

ஸ்ட்ரீமிங்கில் இடம் குறைவு. ஆனால் விநியோக சர்வர் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டியிருந்தது.

விற்பனைப் பிரிவு லேப்டாப்கள் எப்போதும் எட்டாத தூரத்தில்தான்.

•

லேப்டாப். முதல் தொகுதி மட்டும் வந்திருக்கிறது. ரயிலில் போகிறார். மென்பொருள் திறக்கிறது. இதுவரை தொடாத ஒரு மெனுவைத் தொடுகிறார். அந்தக் கோப்பு இங்கே இல்லை.

மவுண்ட் என்று ஒரு கட்டளை. பேக்கேஜ் முழுவதையும் இறக்கிவிடும். ஆட்டோலோட் என்று ஓர் அமைப்பு. மூன்று நிலை: எதுவும் வேண்டாம், ஒருமுறை திறந்ததை மட்டும், எல்லாம். இயல்பு நிலை நடுவில் உள்ளது.

நடு நிலை அலுவலக மேசைக்கு நல்லது. பயணம் போகிறவருக்கு மூன்றாவதுதான் வேண்டும். ஒரே கொள்கையை எல்லாக் கணினிக்கும் போட்டால் யாரோ ஒருவர் வாடிக்கையாளர் முன்னால் கைபிசைந்து நிற்பார்.

4ஜி போன்று கணக்கிட்டுக் கட்டணம் வாங்கும் இணைப்பில் திறக்க அனுமதிக்கலாமா என்பதற்கும் தனி அமைப்பு உண்டு. யோசித்தவர்கள் யோசித்திருக்கிறார்கள்.

சர்வரே இல்லாமலும் முடியும். சீக்வென்சர் ஒரு எம்எஸ்ஐ கோப்பும் தரும். பென் டிரைவில் கொண்டுபோய்ப் போடலாம். கம்பி மோசமான கிளைக்கு இன்றும் வேகமான வழி பேருந்தில் போகும் பென் டிரைவ்தான்.

•

பயனர் செய்யும் மாற்றங்கள் பேக்கேஜுக்குள் போகாது. ஆப்டேட்டாவில் தனியாகச் சேரும், ரெஜிஸ்ட்ரியில் தனியாகச் சேரும். அவருடைய அகராதிச் சொற்கள், கருவிப்பட்டை ஒழுங்கு, கடைசியாகத் திறந்த கோப்புகள்.

லாக் ஆஃப் செய்தால் அழிந்துபோகும் மெய்நிகர் டெஸ்க்டாப்பில் இவற்றை எங்கே வைப்பது என்று தனியே முடிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அவர் தினமும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்.

சேமிப்புத் திட்டத்தில் பேக்கேஜ்களுக்குப் பத்துப் பக்கம் இருக்கும். இதற்கு ஒரு வரி.

•

இன்னொரு கணக்கு.

120 பேக்கேஜ், சராசரி 400 எம்பி. 48 ஜிபி. சின்ன எண்.

ஒவ்வொன்றுக்கும் மூன்று பதிப்பு வைத்தால் 144 ஜிபி. ஆறு ஊர்களில் பிரதி வைத்தால் 864.

யாரும் பெரிதாக எதையும் சேர்க்கவில்லை. நீக்கவில்லை, அவ்வளவுதான்.

•

டிரைவர்களைப் பேக்கேஜாகக் கட்ட முடியாது. விண்டோஸ் எழும்போதே ஓட வேண்டிய சேவைகளையும் முடியாது. பட்டியலில் எப்போதும் சில மென்பொருள் பழைய முறையில்தான் நிறுவப்படும். அவற்றுக்கு டிஸ்கில் இடம் விட வேண்டும்.

•

2016, விண்டோஸ் 10இன் 1607 பதிப்பு. என்டர்பிரைஸ், எஜுகேஷன் இரண்டிலும் ஆப்-வி கிளையன்ட் உள்ளேயே வந்துவிட்டது.

பிறகு மைக்ரோசாஃப்டின் புது பேக்கேஜ் முறை எம்எஸ்ஐஎக்ஸ். அதை மாட்டும் ஆப் அட்டாச். இப்போது டிஸ்க் பிம்பமாக ஒரு ஷேரில் வைத்து, லாக் இன் செய்யும்போது மாட்டுகிறார்கள்.

ஷேர். அனுமதி. கணினிக் கணக்கு. தாமதம். பட்டியல் அப்படியே இருக்கிறது.

•

ஆப்-வி 5.1 சர்வர் அடங்கிய, மைக்ரோசாஃப்டின் எம்டிஓபி தொகுப்புக்கு நீட்டித்த ஆதரவின் கடைசித் தேதி 2026 ஏப்ரல் 14. விண்டோஸுக்குள் இருக்கும் கிளையன்ட் விண்டோஸோடு போகும்.

ஆக, பேக்கேஜ்கள் இன்னும் பல இடங்களில் ஓடும். ஒருநாள் வேறொன்றுக்கு மாற்ற வேண்டி வரும். அப்போது பேக்கேஜ் மட்டும் கையில் இருந்தால் போதாது.

மூல நிறுவல் கோப்பு. உரிமச் சாவி. சீக்வென்ஸ் செய்தபோது எழுதிய படிகள். இந்த மூன்றையும் பேக்கேஜ் இருக்கும் அதே ஷேரில், பேக்கேஜின் பெயரிலேயே ஓர் அடைவு போட்டு வையுங்கள். இடம் அதிகம் கேட்காது. இதைச் செய்யாத அலுவலகத்தில் அந்த மென்பொருளைக் கட்டியவர் வேலையை விட்டுப் போன நாளில் பாதி மென்பொருளும் போய்விடுகிறது.