கதவைப் பூட்டாத மாமி

எங்கள் அக்குறணைப் பக்கம் மழை கூடினால் மண் சரியும். அந்தப் பயத்தோடு வளர்ந்தவன் நான். ஆனால் நிலம் நடுங்கும் என்பதைப் புத்தகத்தில் படித்ததோடு சரி. 2012 ஏப்ரல் 11ஆம் திகதி, புதன்கிழமை, அதை முதன்முதலாக உணர்ந்தேன். சாய்ந்தமருதில் மாமி வீட்டுக்குப் போயிருந்தேன்.

லுஹர் தொழுதுவிட்டு வந்து பாயிலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இரண்டு மணி கடந்திருக்கும். தலை சுற்றியது. பயணக் களைப்பு என்று நினைத்தேன். கோப்பைத் தண்ணீர் தானாகத் தளம்பியது. தொங்கிய மின்குமிழ் மெல்ல ஆடியது.

"மாமி, பூமியதிர்ச்சி!" என்றேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, என் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. ஊரில் போய்ச் சொல்ல ஒரு புதினம் கிடைத்துவிட்டதல்லவா!

மாமி சோற்றுக் கையோடு எழுந்துவிட்டா. "ஓடு மனே, கடல் வரும்."

நான் பையைத் தேடினேன். கதவைப் பூட்டச் சாவி எங்கே என்று கேட்டேன். அவ பதில் சொல்லாமல் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தா. அந்த மெலிந்த கைக்கு அவ்வளவு பலம் இருக்குமென்று நான் நினைக்கவில்லை.

தெருவெங்கும் சனம் மேற்கே வயற்பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மோட்டார் சைக்கிளில் ஐந்து பேர். ஒற்றைச் செருப்போடு ஒரு சிறுமி. ஒருவரும் கடற்பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

வரம்பில் குந்தியிருந்தபோதுதான் மாமி வாய் திறந்தா. 2004 டிசம்பர் 26இல் மாமா மௌத்தானது எனக்குத் தெரியும். எப்படி என்பதை அதுவரை நான் கேட்டதில்லை. மாமியோடு பாதித் தூரம் ஓடி வந்தவர், காணி உறுதியை எடுக்கத் திரும்பினாராம்.

"கதவையும் பூட்டிப்போட்டு வாறன் எண்டுதான் சொன்னாரு. மையித்து கிடைச்ச நேரம் சாவி அவர்ர சேட் பொக்கட்டுக்குள்ள இருந்திச்சு."

அன்று சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் அதிர்ந்திருந்தது. இரண்டு மணித்தியாலம் கழித்து மீண்டும் 8.2. 2004இல் கடலடித் தரை மேலெழுந்து நீரைத் தூக்கியது. 2012இல் பாறைத் தட்டுகள் பக்கவாட்டில் நழுவியதால் பேரலை எழவில்லை. இதெல்லாம் நான் பின்னர் படித்தது. வரம்பில் இருந்த எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், 2004இல் இந்த அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் போனார்கள் என்பதுதான்.

எச்சரிக்கை நீங்கிய பின்னர் இருட்டில் திரும்பினோம். கதவு அகலத் திறந்து கிடந்தது. மீனைப் பூனை தின்றிருந்தது. என் பை வைத்த இடத்திலேயே இருந்தது.

படுக்கப் போகுமுன் கதவருகே நின்று கேட்டேன்: "பூட்டட்டுமா மாமி?"

"வேணாம் மனே. கொளுக்கிய மட்டும் போடு" என்றா.