இரண்டு ஓம்

ஒரே கோடையில் எங்கள் வீட்டு 1 எச்.பி. மோட்டார் இரண்டு முறை புகைந்தது. முதல் தடவை பக்கத்துத் தெருவில் ஒரு கடையில் காயில் கட்டி வாங்கினேன். நாற்பது நாள் ஓடியது. மறுபடி அதே கருகல் வாசம் வந்ததும், கோவை கணபதியில் ஒரு சந்துக்குள் இருந்த பட்டறைக்கு ஆட்டோவில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோனேன். தெருவுக்கு நாலு பேராவது மோட்டார் வைத்தியம் தெரிந்தவர்கள் இருக்கிற ஊர் இது. யாரிடம் காட்டுவது என்பதுதான் சிக்கல்.

மாஸ்டருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். மோட்டாரைப் பிரித்தவர், கருகிய காயிலில் ஒரு துண்டு கம்பியை நறுக்கி எடுத்தார். தீக்குச்சியைப் பற்றவைத்து எனாமலைச் சுட்டார். வேட்டி நுனியில் துடைத்தார். மைக்ரோமீட்டருக்குள் வைத்துத் திருகினார்.

“பாத்தீங்களா தம்பி, 0.71. இருபத்திரண்டு கேஜு. இதுக்கு இருபத்தொண்ணு போட்டிருக்கோணும்.”

இருபத்தொண்ணு என்றால் 0.81 மில்லிமீட்டர். “பத்துல ஒரு பங்கு மில்லிமீட்டர்தானுங்களே?” என்று கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. கம்பித் துண்டை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். தலைமுடி போன்ற வித்தியாசம். ஆனால் மின்சாரம் ஓடுவது கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பில். விட்டம் எட்டில் ஒரு பங்கு குறைந்தால் பரப்பு கால்வாசி போய்விடும். மின்தடை முப்பது சதவீதம் ஏறும். தாமிரத்தைக் கிலோ கணக்கில் வாங்குகிற தொழிலில் அந்தக் கால்வாசி யாருக்கு லாபம் என்று நான் விளக்கத் தேவையில்லை.

மூன்று நாள் கழித்து வரச்சொன்னார்கள். நான் இரண்டாம் நாளே போய் ஓரமாக உட்கார்ந்தேன். ஓர் அக்கா மர அச்சில் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். ரேடியோ பாடுகிறது, பக்கத்தில் கிரைண்டர் அலறுகிறது, சுற்று எண்ணிக்கை மட்டும் தவறவில்லை. சுற்றிய காயிலை ஸ்லாட்டுக்குள் விரலால் இழை இழையாக இறக்கி, மேலே மூங்கில் சீவலைச் செருகி அடைத்தார். வெள்ளை நூலால் முனைகளைக் கட்டிய பிறகு வார்னிஷ் குளியல். எனாமல் கீறாமல் இறக்குவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அந்த அக்காவின் விரல் நகங்கள் ஒட்ட வெட்டப்பட்டிருந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

மூன்றாம் நாள் சோதனை. மல்டிமீட்டரை ஓமில் வைத்து அளப்பார் என்று நினைத்தேன். “அது வயரோட ஓமையும் சேத்துக் காட்டுமுங்க. சின்ன அளவுக்கு ஆகாது” என்று சொல்லி, ஒரு கார் பேட்டரியையும் ஹெட்லைட் பல்பையும் இழுத்தார். பேட்டரி, பல்பு, ஆம்பியர் மீட்டர், ரன்னிங் காயில் எல்லாம் ஒரே வரிசை. வோல்ட் மீட்டரின் முனைகள் மட்டும் தனியாக, காயிலின் இரு நுனிகளிலேயே. பல்பு மஞ்சளாக எரிந்தது. ஆம்பியர் 3.3. வோல்ட் 6.6. சுவரில் கரித்துண்டால் வகுத்தார்: 2 ஓம்.

கியோர்க் ஓம் 1827ல் இந்த வகுத்தலைப் புத்தகமாகப் போட்டபோது அவர் நாட்டில் பெரிதாக மதிக்கவில்லை. லண்டன் ராயல் சொசைட்டி 1841ல் பதக்கம் கொடுத்தது. மாஸ்டரின் சுவருக்கு அதெல்லாம் வேண்டியதில்லை.

எனக்குப் பள்ளிக்கூடத்துச் சந்தேகம் ஒன்று இருந்தது. “ஏனுங்ணா, 230 வோல்ட்டை 2ஆல வகுத்தா 115 ஆம்பியர் வருது. அப்ப பியூஸ் போயிடாதுங்களா?”

சிரித்தார். மோட்டாரை கரண்டில் மாட்டி, தண்டில் ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்து, ஒரே ஒரு நொடி சுவிட்சைப் போட்டார். உறுமல். கிளாம்ப் மீட்டரில் 30 ஆம்பியர். வீட்டு மின்சாரம் திசை மாறி மாறி வருவது, அதனால் காயிலுக்குள் எழும் காந்தமும் அதைத் தடுக்கிறது. 115 வரை போகாது. கட்டையை எடுத்துவிட்டு, பம்ப்பைத் தொட்டித் தண்ணீரில் ஓடவிட்டார். மீட்டர் 6க்கு இறங்கியது.

“ஓடுறப்ப மோட்டாரே எதுத்துத் தள்ளுமுங்க. நின்னுபோச்சுன்னா தள்ள ஆளில்ல.”

அந்த வாக்கியத்தை நான் தாளில் கணக்காக்கினேன். காயிலில் வீணாகும் சூடு, ஆம்பியரை அதே ஆம்பியரால் பெருக்கி ஓமால் பெருக்கினால் கிடைக்கும். ஓடும்போது 6 × 6 × 2, ஏறத்தாழ 72 வாட். சிக்கி நிற்கும்போது 30 × 30 × 2, 1,800 வாட். ஒரு இஸ்திரிப் பெட்டியைவிட அதிகம், அதுவும் மூடிய கூட்டுக்குள். பழைய 0.71 கம்பியாக இருந்திருந்தால் ஓம் 2.6; ஓடும்போதே சூடு 94 வாட்டை நெருங்கும்.

அரை மணி ஓடவிட்டு நிறுத்தினார். உடனே அதே பேட்டரி, அதே பல்பு. இப்போது 3.1 ஆம்பியர், 7.4 வோல்ட். 2.4 ஓமுக்கு ஒரு மயிரிழை கீழே. கம்பி மாறவில்லை, சூடுதான் ஏறியிருக்கிறது. தாமிரத்துக்கு ஒவ்வொரு டிகிரிக்கும் தடை 0.4 சதவீதத்தை ஒட்டி ஏறும். காலையில் 30 டிகிரி என்றால் இப்போது காயிலின் உள்ளே 80. தெர்மாமீட்டர் நுழையாத இடத்தின் சூட்டை வகுத்துச் சொல்லிவிட்டார். மெலிந்த கம்பி என்றால் சூடு தடையை ஏற்ற, தடை சூட்டை ஏற்ற, நாற்பதாவது நாள் எங்கள் வீட்டில் நடந்ததுதான் நடக்கும்.

கிளம்பும்போது, 230ஐ 6ஆல் பெருக்கி 1,380 வாட் என்றேன். “அப்படியே வராதுங்க, கரண்டும் வோல்ட்டும் ஒண்ணா நடக்காது. உங்க வீட்டு மீட்டர்ல செவப்பு லைட்டு சிமிட்டும் பாருங்க, அதை எண்ணுங்க.”

எங்கள் மீட்டரில் யூனிட்டுக்கு 3,200 சிமிட்டல் என்று எழுதியிருந்தது. வீட்டில் மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு மோட்டாரைப் போட்டேன். கையில் கடிகாரத்தோடு நின்றேன். நிமிடத்துக்கு 64. அறுபதால் பெருக்கி 3,200ஆல் வகுத்தால் மணிக்கு 1.2 யூனிட், அதாவது 1,200 வாட். சரிபார்க்க இன்னொரு நிமிடம், பிறகு இன்னொன்று.

“அங்க நின்னு என்ன பண்றீங்க?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “டேங்க் ரொம்பி வழியுது!”