பொகவந்தலாவையில் ஒரு பகல்

ஆசிரியப் பணியினின்று ஓய்வு பெற்ற எம் தந்தையாருடன் மலைநாடு காணப் புறப்பட்ட நாம், ஹட்டனில் புகைவண்டியை விட்டிறங்கி, டிக்கோயா, நோர்வூட் வழியே பேருந்தில் பொகவந்தலாவையை அடைந்தோம். கடைவீதியில் தேநீர் அருந்தியபின் புனித மரியாள் ஆலயத்துக்கு நடந்தோம்.

அங்குள்ள கல்லறையொன்றில் உறங்குபவர் ஜூலியா மார்கரெட் கமரன். 1815இல் கல்கத்தாவிற் பிறந்த இவ்வம்மையார், 48ஆம் வயதிலேயே புகைப்படக் கருவியைக் கையிலெடுத்தார். டார்வின், டெனிசன் முதலிய பேரறிஞர்தம் முகங்களை அழியாது பதித்தார். கணவர் சாள்ஸ் ஹே கமரன், இலங்கையில் இராசகாரிய முறை ஒழியப் பரிந்துரைத்தவர்களுள் ஒருவர். முதுமையில், 1875இல், தம் கோப்பித் தோட்டங்களை நாடி இருவரும் இலங்கை வந்தனர். அம்மையார் 1879இலும் கணவர் 1880இலும் மறைந்து இங்கேயே அடக்கமாயினர். கோப்பி நோயால் அழிய, அதனிடத்தில் தேயிலை தழைத்தது.

அம்மையார் இங்குள்ள தொழிலாளரையும் படம் பிடித்தார். டார்வினை உலகறியும், இப்படங்களில் நிற்போரின் பெயரை யாரறிவர்?

திரும்பும் வழியில், கொழுந்துக் கூடையுடன் வந்த மூதாட்டியிடம் தந்தையார் பெயர் கேட்டார்.

“என் பேரு எதுக்குங்க ஐயா?” என்று நாணியவாறே சொன்னார். தாயின் பெயரும் சொன்னார். கடல் கடந்து வந்த பாட்டனின் பெயர் கேட்டபோது தலையசைத்தார். “தெரியலீங்களே” என்றார்.

தந்தையார் தெரிந்த இரண்டையும் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். மாணவர்களே, நுங்கள் இல்லத்து மூத்தோரை இன்றே கேட்டு எழுதுங்கள். நாளை கேட்க அவர்கள் இரார்.