இரும்புக் கயிற்றின் கண்

மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டுக்கு வாருங்கள், ஒருவரைக் காட்டுகிறேன் என்று வலைக்கடை நடத்தும் நண்பர் கூப்பிட்டிருந்தார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மராமத்தெல்லாம் அப்போதுதான். எஞ்சின், மரவேலை, பெயின்ட் என்று துறைமுகமே இரைந்துகொண்டிருந்தது. நண்பர் காட்டியது, இரும்புக் கயிற்றின் முனையில் கண் போடும் ஒரு பெரியவரை.

படகின் விஞ்சிலிருந்து போகும் இரண்டு இரும்புக் கயிறுகள்தாம் மடி என்கிற இழுவலையை இழுக்கின்றன. கயிற்று முனையை ‘திம்பிள்’ என்ற பள்ளமிட்ட வளையத்தின் மேல் வளைத்துக் கண்ணாக்கி, மடியின் வாயை விரிக்கும் பலகையோடு மாட்டுகிறார்கள். கயிறு எவ்வளவு புதிதானாலும் அந்தக் கண் விட்டுக்கொடுத்தால் பலகையும் மடியும் கடலோடு போகும். விறைத்து நிற்கும் கயிறு அறுந்தால் திரும்பி வீசும். தளத்தில் நிற்பவர் கால் முறியும், உயிரும் போகும்.

பெரியவர் வெட்டப்போகும் இடத்தின் இருபுறமும் மெல்லிய கம்பியால் முதலில் இறுகக் கட்டினார். கட்டாமல் வெட்டினால் கயிறு பிரிந்து விரிந்துவிடும். பிறகு ஆறு புரிகளையும் பிரித்து, நடுவிலிருந்த எண்ணெய் ஊறிய நார்த்திரியை நறுக்கி எறிந்தார். அடுத்து குத்தூசி. முழ நீள இரும்பு. கூர் மட்டும் தேய்ந்து வெள்ளி போல மின்னியது. இறுகிக் கிடக்கும் புரிகளுக்கு நடுவே அதைச் செருகித் திருப்பினால் ஒரு வாய் திறக்கிறது. அதற்குள் பிரிந்த புரியை நுழைத்து இழுக்க வேண்டும். முதல் சுற்றில் எந்தப் புரி எந்த வாய்க்குள் என்ற கணக்கு அவர் விரல்களுக்குத்தான் தெரியும். ஐந்து சுற்று. கடைசிச் சுற்றுக்கு முன் ஒவ்வொரு புரியிலும் பாதிக் கம்பிகளை வெட்டிக் குறைத்தார். பின்னல் மெலிந்து கயிற்றோடு சேர்ந்தது.

உள்ளங்கை முழுக்கக் கம்பி முள் ஏறிய கறுப்புப் புள்ளிகள்.

“கையுறை போடலாமே, ஐயா?”

“போட்டா புரி எங்க போவுதுன்னு கைக்குத் தெரியாதுப்பா. முள்ளு உறையில மாட்டிக்கினா கையையும் சேத்து இழுத்துடும்.”

இப்போது பல படகுகளில் பின்னலுக்குப் பதில் கிளிப். ஸ்பானர் இருந்தால் போதும், யாரும் முடுக்கலாம். ஆனால் கிளிப்பின் தாடை பாரம் தாங்கும் கயிற்றின் மேலும், வளைந்த கம்பி வெட்டுமுனையின் மேலும் உட்கார வேண்டும். மாற்றிப் போட்டால் பாரம் தாங்கும் கம்பிகளையே அது நசுக்கும். அடுத்த படகில் அப்படித் தலைகீழாக மாட்டியிருந்த மூன்று கிளிப்புகளைக் காட்டினார். அந்தக் கயிற்றை நம்பித்தான் ஆட்கள் கடலுக்குப் போகிறார்கள்.

கூலி, ஒரு கண்ணுக்கு இவ்வளவு என்று. அதை அவரிடம் யாரும் நேரே கொடுப்பதில்லை. கயிறு விற்கும் கடைக்காரர் பில்லிலேயே சேர்த்து வாங்கிக்கொள்கிறார். அதில் பாதிகூட இவர் கைக்கு வருவதில்லை. கயிறு கடனில் வந்ததால் படகுக்காரரும் கேள்வி கேட்பதில்லை. உள்ளங்கையைக் கிழித்துக்கொள்கிறவர் ஒருவர், குத்தூசியைத் தொட்டே பார்க்காதவர் கூலியைப் பிரித்துத் தருபவர். இதை வியாபாரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, பறிப்பு இது. நேராகப் பேசி வாங்கலாமே என்று கேட்டேன். மகள் கல்யாணத்துக்கு அந்தக் கடைக்காரரிடம்தான் முன்பணம் வாங்கியிருக்கிறார். ஒவ்வொரு தடைக்காலத்திலும் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறார்களாம். எவ்வளவு கழிந்தது என்பது கடைக்காரரின் நோட்டில் மட்டும் இருக்கிறது.