மங்கை வீட்டுக்காரரின் தீர்ப்பு

அடியே கமலி,

வால்பாறையிலிருந்து நீ போட்ட குருவிப் படம் நம்ம செட் குரூப்பையே கலக்கிவிட்டது, போ! மங்கையின் வீட்டுக்காரர் அந்தப் பெரிய லென்ஸ் வாங்கியதிலிருந்து குரூப்பில் சிறகு முளைத்த எதற்கும் அவர்தான் நீதிபதி. ஆரஞ்சுத் தொண்டையைப் பார்த்த மாத்திரத்தில், "டிக்கெல் நீல ஈப்பிடிப்பான்" என்று மங்கை வழியாகத் தீர்ப்பு வந்தது. எல்லோரும் கைதட்டல் பொம்மை போட்டார்கள். சரசு மட்டும், "நீலம் எங்கேடி?" என்று கேட்டாள். இன்னும் பதில் இல்லை.

அவள் கேட்டதுதான் கேள்வி. டிக்கெல் ஆணுக்கு முதுகு நீலம், தொண்டையும் மார்பும் ஆரஞ்சு. பெண் வெளிறியிருக்கும், ஆனாலும் வாலில் நீலச் சாயல் விட்டுப்போகாது. உன் படத்தைப் பெரிதாக்கிப் பார்: தலை சாம்பல், கண்ணுக்கும் அலகுக்கும் நடுவே வெளுப்பு, முதுகு மங்கிய பழுப்பு, வால் நல்ல செம்பழுப்பு. இவள் வெள்ளை வயிற்று நீல ஈப்பிடிப்பானின் பெண். இந்த ஜோடியில் ஆரஞ்சு மார்பு பெண்ணுக்குத்தான். ஆண் மார்புவரை கருநீலம், வயிறு மட்டும் வெள்ளை. மனுஷர் ஏமாந்ததே அங்கேதான்.

நீலத்தொண்டை ஈப்பிடிப்பானின் பெண்ணுக்கும் கிட்டத்தட்ட இதே உடுப்பு என்று யாராவது கிளம்பினால், படம் எடுத்த மாதத்தைச் சொல். அவர்கள் இமயமலைப் பக்கத்திலிருந்து குளிருக்கு வருகிறவர்கள். ஜூன் மழையில் உனக்குக் காட்சி கொடுக்க இங்கே இருக்கமாட்டார்கள்.

இடமும் பொருந்துகிறது. டிக்கெல் மூங்கில் காடு, நிழலான தோட்டம் என்று எங்கேயும் அனுசரித்துப் போகும். இவளுக்கு ஈரமான சோலைக்காட்டின் அடிப்புதர் இருட்டு வேண்டும். தாழ்ந்த கிளையில் அசையாமல் இருந்து, பூச்சி கண்ணில் பட்டதும் தாவிப் பிடிப்பாள். நீ ஏலக்காய்ச் செடியடியில் பார்த்தேன் என்றபோதே எனக்குச் சந்தேகம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாதுடி! 1840இல் இந்த இனத்தை முதலில் விவரித்தவர் ஜெர்டன், மதராஸ் படையில் மருத்துவராக இருந்தவர்.

குரூப்பில் நீயே சொல்லிவிடு. நான் சொன்னால் மங்கைக்கு முகம் சுண்டும். பாவம், லென்ஸுக்கு இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறாள். அப்புறம், ஆண் கிடைத்தால் வயிறு தெரிய எடு. முதுகை மட்டும் எடுத்தாயானால் நீலகிரி ஈப்பிடிப்பான் என்று அடுத்த தீர்ப்பு வந்துவிடும்.

உன்
விசாலம்