கண்ணாடி மேல ஒரு பட்டி

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை காட்டலை. எம்.எஸ்ஸி. கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட்தான் காரணம். என்னதான் பண்றேன்னு கேட்டவங்களுக்கெல்லாம் சேர்த்து இந்தப் பதிவு.

எங்க அப்பா துடியலூர்ல ஒரு சின்ன ஃபவுண்டரியில மோல்டர். பம்ப்செட்டுக்கு வேண்டிய காஸ்டிங் வார்க்கிற பட்டறை. "சவ்வுல பேட்டர்ன் போடறேனுங்ப்பா"ன்னு சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பேட்டர்ன் மரத்துலயா கண்ணு, அலுமினியத்துலயா?" எங்க ஊர்ல பேட்டர்ன்னா மண்ணுல அச்சு எடுக்கிற மாதிரி உருவம், வேற அர்த்தமே கிடையாது :-)

விஷயம் இதுதான். நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லையும் சுத்தி ஒரு சவ்வு இருக்கு. லிப்பிட்னு சொல்ற கொழுப்பு மூலக்கூறுகள் ரெண்டு அடுக்கா முதுகோட முதுகு ஒட்டி நிக்கும். கனம் சுமார் 5 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரை ரெண்டு லட்சம் கூறு போட்டா அதுல ஒரு கூறு. இதுல முக்கியமான சங்கதி, அது திடமான தோல் கிடையாது, எண்ணெய் மாதிரி. உள்ள இருக்கிற மூலக்கூறுகள் பக்கவாட்டில ஓடிட்டே இருக்கும். உயிருள்ள செல்லுல ஆயிரம் வேலை ஒரே நேரத்துல நடக்கிறதால இதை மட்டும் தனியாப் பிரிச்சுப் பார்க்கிறது கஷ்டம்.

1984-ல பிரையன், மெக்கானல்னு ரெண்டு பேர் ஒரு வழி காட்டினாங்க. லிப்பிட்டைத் தண்ணியில குட்டிக் குட்டிக் குமிழா ஆக்கி, சுத்தமான கண்ணாடி மேல விட்டா, குமிழெல்லாம் உடைஞ்சு ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து ஒரே விரிப்பாப் படியும். கண்ணாடிக்கும் சவ்வுக்கும் நடுவுல ஒரு நானோமீட்டர் அளவுக்குத் தண்ணி. அந்தத் தண்ணி இருக்கிறதாலதான் மூலக்கூறுகளால ஓட முடியுது. காத்து பட்டா சவ்வு காலி, எப்பவும் தண்ணிக்குள்ளயே இருக்கணும்.

1997-ல க்ரோவ்ஸ், உல்மன், பாக்ஸர் மூணு பேரும் கண்ணாடி மேல நுணுக்கமா வரப்பு போட்டு, சவ்வைச் சின்னச் சின்னக் கட்டமாப் பிரிச்சுக் காட்டினாங்க. கட்டத்துக்குள்ள மூலக்கூறு தாராளமா ஓடும், வரப்பைத் தாண்டாது. அந்தக் கட்டத்துக்கு அவங்க வச்ச பேரு கோரல். அமெரிக்காவுல மாடு அடைக்கிற பட்டி! காங்கேயம் பக்கம் கிளுவை வேலிக்குள்ள மாடு மேயறதைப் பார்த்த எனக்கு அதுக்கு மேல விளக்கமே தேவைப்படலை.

இது வெறும் விளையாட்டு இல்லை. 2005-ல க்ரோவ்ஸும் டஸ்டினும் குரோமியத்துல வரப்பு போட்ட சவ்வு மேல நோய் எதிர்ப்பு டி-செல்லை உட்கார வச்சாங்க. வழக்கமா நடுவுக்கு ஓடிப் போற ஏற்பிகளை வரப்பு ஓரத்துலயே தடுத்து நிறுத்திடுச்சு. ஓரத்துல நின்னதுங்க அதிக நேரம் சமிக்ஞை கொடுத்துச்சு. எங்க நிக்குதுங்கிறதே சேதியை மாத்துது! நம்ம பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்துலயும், இதே மாதிரி கண்ணாடி மேல படிஞ்ச சவ்வுல ஆக்டினையும் மயோசினையும் சேர்த்து, அதுங்க இழுக்கிற இழுப்புல சவ்வு மூலக்கூறுகள் எப்படிக் கும்பல் சேருதுன்னு 2016-ல காட்டியிருக்காங்க.

நான் பண்ணினது இதுக்கெல்லாம் கால் தூசு. சிலிக்கோன் ரப்பர்ல ஒரு சீல் வார்த்து, அதால கண்ணாடி மேல அல்புமின் புரதத்துல கட்டம் அச்சடிச்சு, மேல குமிழை விடறது. (அந்த அல்புமின் மாட்டு ரத்தத்துல இருந்து எடுக்கிறது. பட்டிக்கு வேலியே மாடுதான்!) அப்புறம் சாயம் கலந்த சவ்வுல ஒரு கட்டத்துக்குள்ள பளிச்சுனு ஒளி பாய்ச்சி ஒரு புள்ளியை மட்டும் வெளுக்க வைக்கணும். சவ்வு ஓடினா புள்ளி கரைஞ்சு அந்தக் கட்டம் முழுக்க ஒரே சீரா மங்கும், பக்கத்துக் கட்டம் அப்படியே இருக்கும். ஓடலைன்னா புள்ளி அப்படியே ஓட்டை மாதிரி நிக்கும்.

11 ஸ்லைடு போட்டேன். 8-ல ஓட்டை.

"நல்லா வந்த மூணை மட்டும் போடு, மீதியை எவன் கேக்கப் போறான்?"னாரு ஒரு சீனியர். நானும் அப்படித்தான் எழுதி வச்சேன். பொய் சொல்லலாமா கூடாதாங்கிற யோசனையெல்லாம் அப்ப வரவே இல்லைங்கிறதுதான் நிஜம். சப்மிஷன் தேதிதான் கண்ணுல நின்னுச்சு.

அன்னிக்கு ராத்திரி அப்பாவுக்குச் சோறு கொண்டு போனேன். பட்டறை மூலையில உடைக்கறதுக்குன்னு காஸ்டிங் குமிஞ்சு கிடந்துச்சு. அப்பா ஒவ்வொண்ணையும் புரட்டிப் பார்த்து ஒரு பழைய நோட்டுல எழுதிட்டிருந்தார்.

"உருக்கப் போறதைப் போயி எதுக்குங்ப்பா எழுதறீங்க?"

"இது ஈர மண்ணுல வந்த ஓட்டை, இது கசடு. நல்லா வந்ததை எழுதி என்ன கண்ணு பண்றது, அதுதான் லாரி ஏறிப் போயிருச்சே."

அவர் எனக்காகச் சொல்லலை. என் ஸ்லைடு கதையே அவருக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து லேப் நோட்டை எடுத்து, கெட்டுப் போன எட்டையும் வரிசையா எழுதினேன். எட்டும் முந்தின நாள் கழுவி டப்பாவுல மூடி வச்ச கண்ணாடி. நல்லா வந்த மூணும் கழுவின அன்னிக்கே போட்டது. சுத்தம் பண்ணின கண்ணாடி சும்மா இருந்தாலே காத்துல இருக்கிற எண்ணெய்ப் பிசுக்கை இழுத்துக்கும், அப்புறம் குமிழ் சரியா உடையாது, சவ்வு ஓடாது. படிச்சதுதான், மறந்துட்டேன்.

மீதி நாள்ல இன்னும் நாலுதான் போட முடிஞ்சது. அன்னன்னிக்குக் கழுவி அன்னன்னிக்கே. மூணு ஓடுச்சு. நாலாவது ஏன் ஓடலைன்னு இன்னும் தெரியலை. ரிப்போர்ட்ல 15-ம் இருக்கு, டப்பா கதையோட. சீனியர் தலையில அடிச்சுக்கிட்டார்.

வர்ற வியாழன் வைவா. ஓடாத அந்த நாலாவதைப் பத்தி யாருக்காவது ஏதாவது தோணுச்சுன்னா அதுக்குள்ள சொல்லுங்க மக்களே.